நெடுந்தீவில் ஓர் இரவு: நண்பர்களோடு கமரா தூக்கிப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலில் இருக்கிற நெடுந்தீவுக்குப் போகிற பெரும்பாலானவர்கள் காலைப் படகில் போய், ஒரு ஓட்டோவைப் பிடித்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, பின்னேரப் படகில் திரும்பிவிடுகிறார்கள். படம் எடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நீங்கள் தீவில் நிற்கும் நேரம் முழுக்க உச்சி வெயில். வெள்ளைக் கல்லும் வெள்ளை வானமுமாக எல்லாம் வெளிறிப்போகும். ஓர் இரவாவது தங்குங்கள். தீவில் வீடுகளிலேயே தங்க இடம் கிடைக்கும், முன்கூட்டியே பேசிவையுங்கள்.

யாழ்ப்பாணத்தில் குறிகட்டுவான் பஸ் ஏறினால் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாக இறங்குதுறைக்கே கொண்டுபோய் விடும். நயினாதீவுப் படகும் அங்கிருந்துதான் போகிறது. கோயிலுக்குப் போகிற சனம் நிறைய நிற்கும், எந்த வரிசை என்று கேட்டுவிட்டு நில்லுங்கள். கடலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களிலும் மாரியிலும் படகு நன்றாக ஆடும், தண்ணீரும் தெறிக்கும். கமராவை பொலித்தீன் பையில் சுற்றி, முதுகுப் பைக்குள் உடுப்புகளுக்கு நடுவே வையுங்கள். என்னைக் கேட்டால் மாசி, பங்குனி நல்ல காலம். மழை விட்டிருக்கும், புல்லும் முழுதாகக் காய்ந்திருக்காது.

பையைப் பாரமாக்க வேண்டாம். நாங்கள் நாலு பேர் போனால் ட்ரைபொட் ஒன்றுதான், ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வோம். தொப்பி, ரோச், மேலதிக பட்டரி, அடையாள அட்டை, கைக்காசு கட்டாயம். குடிதண்ணீர் தாராளமாகக் கொண்டுபோங்கள், அங்கே பல கிணறுகளில் உவர்தான். ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் பையில் வைக்கவே வேண்டாம், தீவில் கடற்படை இருக்கிறது.

அப்புறம் குதிரைகள். ஒல்லாந்தர் காலத்திலும் பிறகு ஆங்கிலேயர் காலத்திலும் இங்கே குதிரை வளர்த்தார்கள். இன்று தெற்குப் பக்கத்துப் புல்வெளியில் தாமாகத் திரிபவை அவற்றின் வழிவந்தவை. விடியலிலேயே போய்விடுங்கள். ஓட்டோவைத் தூரத்தில் நிறுத்தச் சொல்லுங்கள், “அண்ணை, கோர்ன் அடிக்க வேண்டாம்” என்று முதலே சொல்லி வையுங்கள். நேராக நடந்து போகாமல் பக்கவாட்டில் போய், நிலத்தில் குந்துங்கள். காதைப் பாருங்கள். காதைத் தளரவிட்டு மேய்ந்தால் இருக்கலாம். தலையைத் தூக்கி இரண்டு காதையும் உங்கள் பக்கம் திருப்பினால் அதற்குமேல் ஓர் அடியும் வைக்காதீர்கள். 200 மில்லிமீற்றர் லென்ஸும் 1/1000 ஷட்டரும் போதும். குட்டி இருந்தால் இன்னும் தள்ளி நில்லுங்கள். ஓட வைத்துப் படம் எடுப்பது எனக்குக் கோபம் வரவைக்கிற காரியம். வறட்சியில் தண்ணீருக்கே அலைகிற உயிர்கள் அவை. தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது.

வெயில் ஏறிய பிறகு கோட்டை இடிபாடு, புறாக்கூடு, ஆட்கள் உள்ளே நிற்கக்கூடிய பொந்துள்ள பெருக்கமரம் (பாவோபாப்). மரத்தின் உள்ளே நின்று வாசலை நோக்கி எடுங்கள், நண்பர்கள் நிழலுருவாக வருவார்கள்.

நான் அதிக நேரம் செலவழிப்பது முருகைக்கல் (கடற்பவளக் கல்) மதில்களில்தான். சாந்து பூசாமல், கல்லின் மேல் கல் அடுக்கியே ஒவ்வொரு வளவுக்கும் வேலி. கிட்டப் போய்ப் பாருங்கள், பல கற்களில் மூளையின் மடிப்புப் போல வளைந்து வளைந்து கோடுகள். உச்சி வெயிலில் அவை தெரியவே தெரியாது. பின்னேரம் வெளிச்சம் சரிவாக விழும்போது, மதிலோடு ஒட்டி நின்று பக்கவாட்டில் எடுத்தால் ஒவ்வொரு கோடும் எழும்பி நிற்கும். சாய்ந்து நிற்கவோ ஏறி நிற்கவோ வேண்டாம், கல் சரிந்துவிடும். வளவுக்குள் ஆட்கள் இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள்.

அமாவாசையை ஒட்டிப் போனால் இரவில் பனைகளுக்கு மேல் பால்வீதி தெரியும். 20 செக்கன், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200 என்று தொடங்கிப் பாருங்கள். வீட்டுக்கார அக்காவிடம் காலையிலேயே சொல்லிவைத்தால் இரவுக்கு நண்டுக் கறி இருக்கும்.

திரும்பும் படகின் நேரத்தை தீவின் இறங்குதுறையான மாவலித்துறையில் இறங்கியவுடனேயே விசாரியுங்கள், காற்றைப் பொறுத்து மாறும். வீட்டுக்கு வந்ததும் கமராவையும் ட்ரைபொட் கால்களையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காயவிட்டே பைக்குள் வையுங்கள்.