கப்பிக் குட்டி பிழைக்க வேண்டுமென்றால் முதலில் தண்ணீர்

கப்பி என்னும் சின்னத் தொட்டி மீனை வாங்கிய வீட்டில் ஒன்றிரண்டு மாதத்துக்குள் குட்டி வந்துவிடும். கடையிலிருந்து வரும்போதே பெண் மீன் பெரும்பாலும் சினையாகத்தான் இருக்கும். அதனால் குட்டி எடுப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை, அவற்றை ஒரு மாதம் தாண்ட வைப்பதில்தான் வேலை இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் என்னிடம், "குட்டிக்கு என்ன தீனி போடலாம் அக்கா?" என்று கேட்பார்கள். "தொட்டியில் என்ன தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.

சென்னையில் மெட்ரோ தண்ணீர், லாரித் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். அது மீனின் செவுளை அரித்துவிடும். அகலமான வாளியில் பிடித்து, ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். அவசரத்துக்குக் கடையில் ஆன்டி குளோரின் கேட்டு வாங்கி, லேபிளில் போட்ட அளவில் விடுங்கள். போர் தண்ணீரில் குளோரின் கிடையாது. ஆனால் நிலத்தடியில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு இருப்பதால், பிடித்தவுடன் பார்த்தால் பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) குறைவாகக் காட்டும். மறுநாள் வாயு வெளியேறியதும் ஏறிவிடும். அதனால் போர் தண்ணீரையும் ஓர் இரவு காற்றோட விட்டுத்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீராயிற்றே என்று பயந்து முழுக்க ஆர்ஓ தண்ணீர் ஊற்றுகிறார்கள். கப்பிக்கு அது ஆகாது. கப்பியும் மோலி மீனும் கடினத்தன்மை உள்ள, அதாவது தாது உப்புகள் கரைந்த தண்ணீரில்தான் நன்றாக இருக்கும். பிஹெச் 7 முதல் 8 வரை இருந்தால் நிம்மதியாக விடலாம்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத எதிரி, அம்மோனியா. மீன் கழிவும் மிச்சத் தீனியும் அழுகி அம்மோனியாவாகும். ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேறும் பாக்டீரியா அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் விஷம், நைட்ரேட்டால் அவ்வளவு ஆபத்தில்லை. இந்த பாக்டீரியா புதுத் தொட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நம் ஊர்க்காரர்கள் மனதில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு: அதே அளவு அம்மோனியா பிஹெச் 7-இல் செய்யும் கெடுதலைவிட 8-இல் ஏறத்தாழ பத்து மடங்கு செய்யும். வெயில் காலச் சூடு அதை இன்னும் கூட்டும். போர் தண்ணீர்த் தொட்டியில் பெரிய மீன் தாங்கிக்கொண்டு நீந்தும்போதே குட்டிகள் ஒவ்வொன்றாக அடியில் கிடப்பதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். டெஸ்ட் கிட் வாங்கக் காசு யோசிக்காதீர்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்ட வேண்டும்.

குட்டித் தொட்டிக்குக் காத்திருக்க நேரமில்லையா? இப்போதே பெரிய தொட்டியில் கூடுதலாக ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிடுங்கள். குட்டி வரும் நாளில் அதை அப்படியே எடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஸ்பாஞ்சைக் குழாயில் கழுவக் கூடாது, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்தால் போதும். மற்ற ஃபில்டர்கள் குட்டியை உள்ளே இழுத்துவிடும், அதனாலும் ஸ்பாஞ்ச்தான் சரி.

தாய்க்கு வயிறு சதுரம் தட்டி, வால் பக்கக் கரும்புள்ளி அடர்ந்தால் நாள் நெருங்கிவிட்டது. சினைக்காலம் சுமார் நான்கு வாரம். பெற்ற தாயே குட்டியைத் தின்றுவிடும் என்பதால் பிரசவப் பெட்டி விற்கிறார்கள். அந்தச் சிறிய இடத்தில் தாய் மிரள்வது எனக்குப் பிடிப்பதில்லை. ஜாவா மாஸ் என்னும் நீர்ப்பாசியை அடர்த்தியாகப் போட்ட தொட்டியில் தாயை விட்டு, குட்டி போட்டதும் தாயை எடுத்துவிடுவதுதான் என் வழக்கம்.

சரி, இப்போது தீனி. முட்டை மஞ்சள் கரு வேண்டவே வேண்டாம், ஒரே ராத்திரியில் தண்ணீர் நாறிவிடும். ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிரின் முட்டையைப் பொரிக்கவைத்துப் போடுவதுதான் சிறந்தது. ஒரு லிட்டர் பாட்டிலில் 25 கிராம் கல்லுப்பு கரைத்து, அரை டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை போட்டு, அடியிலிருந்து காற்று விடுங்கள். பக்கத்தில் ஒரு விளக்கு எரியட்டும். நம் வெப்பத்துக்கு ஒரு நாளில் பொரித்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும், குஞ்சுகள் ஆரஞ்சு நிறத்தில் அடியில் சேரும். அவற்றைக் குழாயால் உறிஞ்சி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒவ்வொரு குட்டியின் கண்ணாடி வயிற்றுக்குள்ளும் ஆரஞ்சு தெரியும். எந்தக் குட்டியின் வயிற்றில் தெரியவில்லையோ, அதைக் கவனியுங்கள். மற்ற வேளைகளுக்குத் தூள் தீனியை விரல் நுனியில் இன்னும் நசுக்கி, இரண்டு மூன்று நிமிடத்தில் தீரும் அளவுக்கு மட்டும், நாளைக்கு மூன்று நான்கு தடவை போட்டால் போதும்.

இத்தனை தடவை போட்டால் அழுக்கும் சேரும். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். ஏர் டியூபையே சைஃபனாக வைத்து அடி அழுக்கை வெள்ளை வாளிக்குள் இழுங்கள். தவறி வந்த குட்டி வெள்ளையில் பளிச்சென்று தெரியும், கரண்டியால் எடுத்துத் திரும்ப விட்டுவிடலாம். புதுத் தண்ணீரையும் அதே டியூபில் மெதுவாக இறக்குங்கள். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து மத்தியானம் வரும் சூடான தண்ணீரை மட்டும் நேரே ஊற்றிவிடாதீர்கள்.

அப்புறம், நான்காவது வாரம் முதல் ஆணையும் பெண்ணையும் பிரிக்கத் தொடங்குங்கள். அடித்துடுப்பு கூராக நீண்டால் ஆண், விசிறியாக விரிந்து பக்கத்தில் கரும்புள்ளி இருந்தால் பெண். தாமதித்தால் பெண்கள் சினையாகிவிடும். ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெண் விந்தணுவைச் சேமித்து வைத்து, பிறகு ஆணே இல்லாமலும் பல மாதம் குட்டி போடும்.