ஆண்டு போடாத பாட்டுத்தாள்: விக்டோரியா கால அட்டைப்படத்தின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

லண்டன் மியூசிக் ஹால்களில், அதாவது பாட்டும் வேடிக்கையுமாக மேடை நிகழ்ச்சிகள் நடந்த அரங்குகளில், பிரபலமான பாட்டுகளை, வீட்டில் பியானோ வைத்திருந்தவர்கள் வாசித்துப் பாடுவதற்காகத் தனித்தனியாக அச்சிட்டு விற்றார்கள். அந்தப் பாட்டுத்தாள்களின் அட்டைப்படங்கள் இன்று ஏலத் தளங்களிலும் நூலகங்களின் ஸ்கேன்களிலும் ஏராளமாகக் கிடைக்கின்றன. தொப்பி, கைத்தடி, மீசை, பாடகரின் மிடுக்கு என்று பார்க்கப் பார்க்க அலுக்காது. ஆனால் பெரும்பாலானவற்றில் ஆண்டு இருக்காது. பழைய பாட்டு என்று தெரிந்தால் விற்காதே என்று பதிப்பாளர்கள் அதைப் போடாமலே விட்டார்கள்.

நான் சொல்வது ஒன்றுதான்: படத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் கீழ் ஓரத்துப் பொடி எழுத்து.

அங்கே ஒரு பெயருக்குப் பக்கத்தில் 'டெல்.' என்றிருந்தால் அவர் படம் வரைந்தவர், 'லித்.' என்றால் அதைக் கல்லில் தீட்டியவர், 'இம்ப்.' என்றால் அச்சிட்டவர். இவை கல்லச்சுப் படங்கள். சுண்ணாம்புக் கல்லின் மேல் கொழுப்பு கலந்த மையால் வரைந்து, நிறத்துக்கு ஒரு கல்லாக மாற்றி மாற்றித் தாளில் ஒற்றி எடுப்பார்கள். ரவி வர்மா படங்கள் நம் வீடுகளுக்கு வந்ததும் இப்படித்தான். ஓவியர் ஆல்ஃப்ரெட் கொன்கானன் என்றிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், இந்தத் துறையில் அவருக்கு இணையாக யாரையும் என்னால் சொல்ல முடியாது. அவர் 1886-இல் இறந்தார், இன்னொரு அட்டைப்பட ஓவியரான ஜான் பிராண்டார்ட் 1863-லேயே இறந்துவிட்டார், ஆக படம் எந்த ஆண்டுக்கு முன் வரைந்தது என்பது தெரிந்துவிடும். அச்சிட்ட ஆண்டு அதுவேதான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம், நன்றாக விற்ற பாட்டைத் திரும்பத் திரும்ப அச்சடித்தார்கள். சில தாள்களில் இந்த ஓரமே இருக்காது. பழைய சொந்தக்காரர்கள் பத்து முப்பது பாட்டுகளைச் சேர்த்துப் பைண்டு செய்தபோது விளிம்போடு வெட்டியிருப்பார்கள், பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கும்.

அடுத்தது பதிப்பாளரின் முகவரி. தெருப் பெயருக்குப் பின்னால் 'டபிள்யூ.', 'இ.சி.' போன்ற எழுத்துகள் இருந்தால் அந்தத் தாள் 1857-க்கு முந்தியதாக இருக்க முடியாது, ஏனென்றால் லண்டனை அஞ்சல் வட்டாரங்களாகப் பிரித்ததே 1857-58-இல்தான். பதிப்பாளர்கள் கடை மாற்றிக்கொண்டும் கூட்டாளி சேர்த்துக்கொண்டும் இருந்தார்கள், அதுவும் உதவும். 'ஃபிரான்சிஸ் பிரதர்ஸ் அண்ட் டே' என்று 1877-இல் தொடங்கிய நிறுவனம்தான் பிறகு 'ஃபிரான்சிஸ், டே அண்ட் ஹன்டர்' ஆனது, எனவே இரண்டாவது பெயர் இருக்கும் தாள் பிந்தியது.

எனக்கு மிகவும் பிடித்த தடயம் சட்டம் விட்டுச் சென்றது. பாட்டை மேடையில் பாடும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்ள நினைப்பவர் அதை ஒவ்வொரு பிரதியின் முகப்பிலும் அச்சிட வேண்டும் என்று 1882-இல் ஒரு சட்டம் வந்தது. 'பொது இடத்தில் கட்டணமின்றிப் பாடலாம், மியூசிக் ஹால்களில் மட்டும் கூடாது' என்கிற மாதிரி ஒரு வரி கண்ணில் பட்டால், அந்தத் தாளை 1882-க்குப் பின்னால் வையுங்கள். அப்புறம் உள்ளே திருப்பி, இசைக்குறிப்பின் முதல் பக்கத்து அடியைப் பாருங்கள். 1891-இல் அமெரிக்கா வெளிநாட்டவருக்கும் காப்புரிமை கொடுக்க ஆரம்பித்த பிறகு, அங்கே ரோமன் எண்களில் ஆண்டையே போட்டுவிடுவார்கள். அட்டையை மட்டும் கிழித்து ஃபிரேம் போட்டு விற்கிறவர்கள் இந்தத் தடயத்தையே அழித்துவிடுகிறார்கள்.

விலை அவ்வளவாக உதவாது. மூன்று ஷில்லிங், நான்கு ஷில்லிங் என்று அச்சடித்துவிட்டுப் பாதி விலைக்கு விற்பதுதான் அன்றைய வழக்கம்.

இப்போது படத்துக்கு வரலாம். உடையை வைத்து ஆண்டு சொல்லாதீர்கள், அது மேடைக்காகப் பெரிதுபடுத்திய உடை. பாடகரின் பெயரைப் பிடியுங்கள். ஜார்ஜ் லேபர்ன் 'சாம்பெயின் சார்லி'யைப் பாட ஆரம்பித்தது 1866-இல், அதற்குக் கொன்கானன் வரைந்த அட்டைப்படம் இன்றும் இந்தத் துறையின் முகமாகவே இருக்கிறது. உங்கள் பாட்டு அவ்வளவு புகழ் பெறாததாக இருந்தால், 'தி எரா' என்ற நாடக வார இதழின் பழைய விளம்பரங்களில் பாட்டின் பெயரைத் தேடுங்கள், இணையத்தில் பார்க்கலாம். பிரிட்டிஷ் நூலகத்தின் பட்டியலில் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு ஆண்டு இருந்தால், அது தாளில் அச்சிட்டதல்ல, நூலகத்தார் கணித்தது. ஒத்துப் பார்க்க ரீடிங் பல்கலைக்கழகத்தின் ஸ்பெல்மன் தொகுப்பும் உண்டு, சுமார் 2,500 அட்டைகள்.

காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் முதலில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கல்லச்சில் க்ரேயான் தீட்டியது போன்ற ஒழுங்கில்லாத பொரிப்பொரியான புள்ளிகள் தெரியும், ஒரே சீராக வரிசை பிடித்த புள்ளிகள் தெரிந்தால் அது பிற்காலத்து நகல்.

கணித்த ஆண்டைப் பென்சிலால், பின்பக்க மூலையில், '1866-க்குப் பின்' என்பது போல எழுதி வையுங்கள். பேனா வேண்டாம்.