புழுவெட்டால் முடி உதிரும் குழந்தைக்கு வீட்டார் துணை நிற்பது எப்படி

பள்ளிக்குக் கிளப்பும் அவசரத்தில் வகிடெடுத்து இரட்டைச் சடை பின்னிக்கொண்டிருக்கும்போது, மகளின் காதுக்குப் பின்னால் ஐந்து ரூபாய் நாணய அளவில் வழுவழுப்பான ஒரு வட்டம் கண்ணில் பட்டால், அந்த நேரத்தில் நீங்கள் செய்யவேண்டியது கையை நிறுத்தாமல் சடையைப் பின்னி முடிப்பதுதான். எதிரில் உள்ள கண்ணாடியில் குழந்தை தன் தலையைப் பார்ப்பதில்லை, உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறாள். மாலையில் அவள் விளையாடிவிட்டு வந்தபின், "இந்த இடத்தில் கொஞ்சம் முடி உதிர்ந்திருக்கிறது, டாக்டரிடம் காட்டுவோம்" என்று இயல்பான குரலில் சொல்லுங்கள்.

காட்டவேண்டியது தோல் மருத்துவரிடம். இப்படி வட்டமாக முடி உதிர்வதுதான் பெரும்பாலும் புழுவெட்டு. பெயரில் புழு இருந்தாலும் அது எந்தப் பூச்சியாலும் வருவதில்லை. கிருமிகளை எதிர்க்கவேண்டிய உடலின் எதிர்ப்பாற்றல் முடியின் வேர்ப்பைகளைத் தவறுதலாகத் தாக்குவதால் வருகிறது. வேர்ப்பைகள் அழிந்துவிடாததால் முடி மீண்டும் முளைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் செதிலும் அரிப்புமாக, முடி பாதியில் முறிந்திருந்தால் அது தலையில் வந்த படர்தாமரையாக இருக்கலாம். அது ஒட்டக்கூடியது, பல வாரங்கள் மாத்திரை சாப்பிட்டால்தான் தீரும். டைபாய்டு, டெங்கு போன்ற காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதங்கள் கழித்துத் தலை முழுவதும் முடி கொட்டுவது வேறு. அது பெரும்பாலும் தானே சரியாகிவிடும். எது என்று தெரியும் முன்னரே சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் அரைத்துத் தேய்த்தால், பிஞ்சுத் தோல் வெந்து புண்ணாவதுதான் மிச்சம்.

சிகிச்சையைப் பற்றிக் குழந்தையிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஓரிரு வட்டங்களோடு நின்றுவிட்டால் பலருக்கு ஓராண்டுக்குள் முடி வளர்ந்துவிடுகிறது. முதலில் வெள்ளையாக முளைத்துப் பின்னர் கறுப்பதும் உண்டு, வளர்ந்தது மறுபடி கொட்டுவதும் உண்டு. சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பூசும் மருந்துகளே தரப்படுகின்றன. 12 வயது நிரம்பியவர்களுக்கு நோய் கடுமையாக இருந்தால் கொடுக்கக்கூடிய ரிட்லெசிடினிப் என்ற மாத்திரைக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது; எதிர்ப்பாற்றலையே தணிக்கும் மருந்து என்பதால் அதற்கு ரத்தப் பரிசோதனையும் தொடர்ந்த கண்காணிப்பும் வேண்டும். "அடுத்த மாதமே வளர்ந்துவிடும்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

நம் ஊரில் அடுத்து எழும் பேச்சு மொட்டை. பழனியிலோ சமயபுரத்திலோ முடி இறக்குவதில் தவறில்லை. வட்டங்கள் திட்டுத்திட்டாகத் தெரியாமல் போவதால் சில பிள்ளைகளுக்கு அது ஆறுதலாகவும் இருக்கும். ஆனால் "முடி நன்றாக வளரவேண்டும்" என்ற வேண்டுதலோடு குழந்தையை உட்காரவைத்து, பிறகு முடி வளராமல் போனால், தான் ஏதோ தப்புச் செய்ததால்தான் சாமி கொடுக்கவில்லை என்று அந்தப் பிஞ்சு மனம் நினைத்துக்கொள்ளும். மொட்டை போடுவதானால் அது குழந்தையே கேட்டுச் செய்வதாக இருக்கட்டும். "கவலைப்பட்டதால்தான் கொட்டியது" என்பதும் இதே வகையான பழிதான்; அதை யாரும் குழந்தையின் காதில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் தினமும் தலையைத் திருப்பிப் பார்த்து அளப்பதை நிறுத்துங்கள். மருத்துவர் கேட்டால் மாதம் ஒரு படம் போதும். தலையணையில் கிடக்கும் முடியைப் பெருமூச்சில்லாமல் உதறிவிட்டுப் படுக்கையை மடியுங்கள்.

கல்யாண வீடுகளில்தான் சோதனை. "ஐயோ, பொம்பளப் புள்ளைக்கு இப்படி ஆயிருச்சே" என்று அத்தையோ பெரியம்மாவோ கூடத்தில் நின்று அங்கலாய்ப்பது பாசத்தால்தான் என்றாலும், அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது குழந்தை. புறப்படும் முன்னரே அவர்களுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொல்லி, பிள்ளையிடம் படிப்பையும் விளையாட்டையும் பற்றிப் பேசுமாறு கேட்டுக்கொள்ளுங்கள். பூ வைக்க முடியவில்லையே என்று நீங்கள் முந்திக்கொண்டு வருந்தவேண்டாம். தொப்பியில் குத்திக்கொள்ளலாமா, வேண்டாமா என்று அவளையே கேளுங்கள். யாராவது கேட்டால் சொல்ல, "எனக்குப் புழுவெட்டு. வலிக்காது, ஒட்டாது" என்ற பதிலை வீட்டில் சிரித்துப் பேசிப் பழக்கிவிடுங்கள். பதில் சொல்ல விருப்பமில்லாத நாளில் சொல்லாமல் நகர்ந்துவிடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

பள்ளிக்கு, இது தொற்றாது என்ற மருத்துவரின் கடிதத்தோடு சென்று வகுப்பாசிரியரைப் பாருங்கள். தொப்பியோ துணிக்கட்டோ அணிய அனுமதி, அதை யாரும் பிடுங்கினால் விளையாட்டென்று விட்டுவிடாமல் கண்டித்தல், ஆண்டு விழா நடனத்தில் பின்வரிசைக்குத் தள்ளாதிருத்தல் ஆகிய மூன்றையும் வெளிப்படையாகக் கேளுங்கள். வகுப்பில் இதைப் பற்றிப் பேசலாமா, பேசினால் தானும் அங்கே இருக்கவேண்டுமா என்பதைக் குழந்தைதான் முடிவு செய்யவேண்டும்.

விக் வைப்பதும் அப்படியே. சித்திரை வெயிலில் அது வியர்த்துக் கொட்டி அரிக்கும். பல பிள்ளைகளுக்கு மெல்லிய பருத்தித் தொப்பியே வசதியாக இருக்கிறது. வெயிலில் வெறுந்தலையோடு விளையாட விடாதீர்கள். இமை முடியும் உதிர்ந்திருந்தால் தூசி கண்ணில் விழாமலிருக்கக் கண்ணாடி உதவும்.

பள்ளிக்குப் போக மறுப்பது, சாப்பாடும் தூக்கமும் குறைவது, நண்பர்கள் கூப்பிட்டும் வெளியே வராதது என்று வாரக்கணக்கில் நீடித்தால், முடிக்கான மருத்துவத்தோடு மனநல ஆலோசகரையும் பாருங்கள். உடனே யாரிடமாவது பேசவேண்டுமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். பெற்றோரும் தங்களுக்காக அழைக்கலாம்.