உமி கலந்த சட்டியில் குடிநீர்: தொழிலாகச் செய்ய நினைப்பவர்களுக்கு

மானாமதுரையில் பானை வனையும் வீட்டுப் பெண் நான். டிப்ளமோ முடித்து வேலை கிடைக்காமல், அப்பாவின் சூளையிலேயே தண்ணீர் வடிகட்டும் சட்டி செய்ய இறங்கினேன். 1981இல் குவாத்தமாலாவில் பெர்னாண்டோ மசாரியேகோஸ் உருவாக்கிய முறை இது. மின்சாரம் வேண்டாம்.

கம்மாய் மண்ணைக் காயவைத்து, இடித்துச் சலியுங்கள். நெல் உமியை மில்லில் அரைத்து, அதையும் சலிக்க வேண்டும். எடைக்கு மூன்று பங்கு மண், ஒரு பங்கு உமி. சூளையில் உமி எரிந்து போன இடம்தான் நுண்துளையாகிறது. தண்ணீர் கசியும், கிருமி தங்கிவிடும். உமி பெரிதாக இருந்தால் துளையும் பெரிதாகும். அதனால் சலிக்கிற வேலையை மட்டும் யாரிடமும் விடமாட்டேன்.

சக்கரத்தில் வனைய வேண்டாம். சுவர் ஒரே கனமாக வர, அச்சில் வைத்து லாரி ஜாக்கியால் அழுத்த வேண்டும். (அப்பாவுக்கு இதில் இன்னும் வருத்தம்தான்.) அப்புறம் நிழலில் நன்றாகக் காயவிடுங்கள்.

சூளை 850 டிகிரியைத் தாண்ட வேண்டும். முதல் சூளையில் நான் விறகை மிச்சம் பிடித்தேன். ஒரு சட்டியை உடைத்துப் பார்த்தால், உமி முழுதாக எரியாமல் உள்ளே கரி மாதிரி கருப்பு. ஒரு மணி நேரத்துக்கு அரை டம்ளர்கூட வடியவில்லை.

வெந்த சட்டியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் நிரப்பி ஒரு மணி நேரம் அளந்து பாருங்கள். 1 முதல் 2.5 லிட்டர் வரை வடிந்தால் சரி. வேகமாக வடிகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். எங்கோ விரிசல் இருக்கிறது, இல்லை துளை பெரிது. உடைத்துப் போடுங்கள். மலிவு விலைக்குக்கூட விற்க வேண்டாம்.

தேறியதற்கு, கிருமியைக் கொல்லும் வெள்ளித்துகள் கரைசலை உள்ளும் புறமும் தூரிகையால் பூசுங்கள். குழாய் வைத்த மூடி வாளிக்குள் சட்டியைப் பொருத்திக் கொடுங்கள். சோப்பு போடாமல், பிரஷ்ஷால் மட்டும் தேய்க்கச் சொல்லுங்கள். விற்பதற்கு முன் வடித்த நீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்: 100 மில்லியில் ஈ.கோலி (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி) ஒன்றுகூட இருக்கக் கூடாது. வைரஸை இந்தச் சட்டி முழுதாகத் தடுக்காது. அதையும் வாங்குபவரிடம் மறைக்காதீர்கள்.

போன மாதம் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒருவர் நாற்பது சட்டி கேட்டார். "தண்ணி எப்படிண்ணே இருக்கும்?" என்றேன். "கரிக்கும்மா" என்றார். உப்பும் ஃப்ளோரைடும் தண்ணீரோடு கரைந்தே இறங்கிவிடும், இந்தச் சட்டி உங்களுக்கு ஆகாது என்று சொல்லி போனை வைத்தேன்.