பாக்கெட்டின் பின்பக்கம்: கார்போஹைட்ரேட்டும் நார்ச்சத்தும் படிப்பது எப்படி?

வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் வந்த பிறகுதான் பலர் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிறார்கள். பார்த்ததும் கண் ‘சுகர்’ என்ற வரிக்குத்தான் போகும். அங்கே எண் சிறியதாக இருந்தால் நிம்மதி, பாக்கெட் கூடைக்குள் போய்விடும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அந்த வரியை அல்ல. கையில் ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள், சேர்ந்தே படிக்கலாம்.

1. எத்தனை கிராமுக்கான கணக்கு?

அட்டவணையின் தலைப்பைப் பாருங்கள். இந்தியப் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் ‘பெர் 100 கிராம்’ என்று இருக்கும். பக்கத்திலேயே ‘பெர் சர்வ்’, அதாவது ஒரு முறை சாப்பிடும் அளவுக்கு, என்று இன்னொரு பத்தி இருக்கலாம். இரண்டு பொருட்களை ஒப்பிட 100 கிராம் பத்தியை மட்டும் பாருங்கள். ஒரு சர்வ் எவ்வளவு என்பதைக் கம்பெனிதான் முடிவு செய்கிறது. ஒருவர் 20 கிராம் என்பார், இன்னொருவர் 30 கிராம் என்பார். அதை வைத்து ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும்.

2. கார்போஹைட்ரேட் வரி

நமக்கு முக்கியமான எண் இதுதான். மாவுச்சத்து, சர்க்கரை இரண்டும் இதற்குள் அடக்கம். கீழே சற்று உள்தள்ளி ‘டோட்டல் சுகர்ஸ்’, அதற்கும் கீழே ‘ஆடட் சுகர்ஸ்’ என்று இருக்கும். டோட்டல் சுகர்ஸ் என்பது பாலிலும் பழத்திலும் இயல்பாக இருக்கும் சர்க்கரையும் சேர்த்தது. ஆடட் சுகர்ஸ் என்பது தயாரிக்கும்போது தனியாகச் சேர்த்தது. வெல்லம், தேன் சேர்த்தாலும் அதில்தான் வரும்.

ஒரு கற்பனை பிஸ்கட்டை வைத்துப் போட்டுப் பார்ப்போம். 100 கிராமில் கார்போஹைட்ரேட் 70, டோட்டல் சுகர்ஸ் 21, ஆடட் சுகர்ஸ் 20, நார்ச்சத்து 4. நார்ச்சத்து கார்போஹைட்ரேட்டுக்குள் அடங்கியது என்று வைத்துக்கொண்டால், மீதி 45 கிராமும் ஏறக்குறைய மாவுச்சத்துதான். வயிற்றுக்குள் போனால் அதுவும் குளுக்கோஸாகத்தான் மாறும். ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதிய பிஸ்கட்டிலும் மைதா இருக்கிறதே, அது எங்கே போகும்? 100 கிராமில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் இல்லாவிட்டால் அப்படிப் போட்டுக்கொள்ள விதி அனுமதிக்கிறது. அதனால் கார்போஹைட்ரேட் வரி குறைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்று, மாவுச்சத்திலிருந்து எடுக்கும் ஒரு பொடி, பொருட்பட்டியலில் அடிக்கடி வரும். சர்க்கரைக் கணக்கில் அது சேராது, ஆனால் உடலில் வேகமாக ஜீரணமாகி ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிவிடும்.

3. நார்ச்சத்து எங்கே?

‘டயட்டரி ஃபைபர்’ என்ற வரியைத் தேடுங்கள். கிடைக்காமலும் போகலாம். நார்ச்சத்தைப் பற்றிப் பெருமை பேசாத பாக்கெட் அந்த எண்ணைப் போட்டே ஆக வேண்டும் என்று இந்திய விதியில் இல்லை. வரியே இல்லையென்றால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

இருந்தால், அது மாவுச்சத்து மாதிரி குளுக்கோஸாக மாறாது என்பதால் கார்போஹைட்ரேட்டிலிருந்து கழிப்பவர்கள் உண்டு. அதற்கு முன், அது கார்போஹைட்ரேட்டுக்குள் அடங்கியதா, தனியா என்று தெரிய வேண்டும். கோதுமை மாவு மாதிரி உலர்ந்த பொருளென்றால் எளிய கூட்டல் போதும். புரதம் 12, கொழுப்பு 2, கார்போஹைட்ரேட் 73, நார்ச்சத்து 11 என்று ஒரு பாக்கெட் சொல்கிறது. கூட்டினால் 98. மாவில் ஈரப்பதமே சுமார் 10 கிராம் இருக்கும், அதையும் சேர்த்தால் நூறைத் தாண்டிவிடுகிறது. அப்படியானால் 11 கிராம் அந்த 73-க்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம், கழித்துக்கொள்ளலாம். இன்னொரு பாக்கெட்டில் கார்போஹைட்ரேட் 62 என்று போட்டு, மற்றவை அப்படியே இருந்தால் கூட்டுத்தொகை 87. அங்கே நார்ச்சத்து தனி. கழிக்கக் கூடாது.

இங்கே வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கா, கனடா லேபிளில் கார்போஹைட்ரேட்டுக்குள் நார்ச்சத்தும் சேர்ந்திருக்கும். பிரிட்டன், ஐரோப்பிய லேபிளில் இரண்டும் தனித்தனி. லண்டனில் வாங்கிய ரொட்டிக்கு டொரன்டோ அக்கா சொன்ன கழித்தல் கணக்கைப் போட்டால், உண்மையில் சாப்பிடுவதைவிடக் குறைவான எண்தான் வரும். கார்போஹைட்ரேட்டை எண்ணி இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு இது விளையாட்டல்ல. எதைக் கழிப்பது, கழிப்பதா வேண்டாமா என்பதை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

4. வகுத்துப் பாருங்கள்

கார்போஹைட்ரேட்டை நார்ச்சத்தால் வகுங்கள். விடை 10 அல்லது அதற்குக் கீழே வந்தால் முழுதானியம் ஓரளவு இருக்கிறது என்று நம்பலாம். நம்முடைய கற்பனை பிஸ்கட்டுக்கு 70-ஐ 4-ஆல் வகுத்தால் 17.5. தேறவில்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் கோதுமை மாவில் நார்ச்சத்து 11 கிராமுக்குச் சற்று மேல், மைதாவில் 3 கிராம்கூட இல்லை. கேழ்வரகிலும் 11 கிராம் உண்டு.

5. பொருட்பட்டியலோடு ஒத்துப் பாருங்கள்

எடையில் அதிகமானது முதலில் வரும். முதல் பெயர் ‘ரிஃபைண்ட் வீட் ஃப்ளவர்’ என்றால் அது மைதா, வேறொன்றுமில்லை. முன்பக்கம் கேழ்வரகுப் படம் போட்டிருந்தால் அதில் எத்தனை சதவீதம் கேழ்வரகு என்று பட்டியலில் சொல்லியாக வேண்டும். அந்தச் சதவீதத்தைத் தேடிப் பாருங்கள், சில சமயம் சிரிப்பு வரும்.

‘ஹை ஃபைபர்’ என்பதற்கும் அளவு உண்டு: திடப் பொருளில் 100 கிராமுக்கு 6 கிராம் நார்ச்சத்து. ‘சோர்ஸ் ஆஃப் ஃபைபர்’ என்றால் 3 கிராம் போதும். பொய் இல்லைதான், ஆனால் நாம் 100 கிராம் பிஸ்கட்டா சாப்பிடுகிறோம்?

6. கடைசியாக, சாப்பிடும் அளவு

பாக்கெட் 75 கிராம், உள்ளே 10 பிஸ்கட் என்றால் ஒன்று 7.5 கிராம். டீயோடு 4 சாப்பிட்டால் 30 கிராம். மேலே பார்த்த எண்களை 30-ஆல் பெருக்கி 100-ஆல் வகுங்கள். கார்போஹைட்ரேட் 21 கிராம், சேர்த்த சர்க்கரை 6 கிராம், அதாவது ஒன்றரை டீஸ்பூன். நாளுக்கு 50 கிராம் என்ற வரம்பை வைத்துத்தான் பாக்கெட்டில் சதவீதம் போடுகிறார்கள், அதில் இது 12 சதவீதம். டீயில் போட்ட சர்க்கரை தனிக் கணக்கு.

நார்ச்சத்து? 1.2 கிராம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. ‘ஹை ஃபைபர்’ பிஸ்கட்டே வாங்கினாலும், அந்த 6 கிராம் அளவில் இருந்தால், நான்கு பிஸ்கட்டில் 1.8 கிராம்தான் கிடைக்கும். நடுத்தர அளவில் ஒரு கொய்யாப்பழம் சாப்பிட்டால் 5 கிராமுக்குக் குறையாது, அதற்கு லேபிளும் கிடையாது.