ஏஐ காலத்து அசைன்மென்ட்: புது ஆசிரியர்கள் செய்யும் தவறுகள்

ஜூனில் எங்கள் பொருளியல் துறைக்குப் புதிதாக ஒருவர் சேர்ந்தார். முதல் அசைன்மென்ட் வாங்கிய மறுநாளே மடிக்கணினியைத் திறந்தபடி வந்து நின்றார். "சார், 60 பேர்ல 41 பேர் ஏஐ-ல எழுதியிருக்காங்க. லிஸ்ட்டே எடுத்துட்டேன்." அவர் முகத்தில் திருடனைப் பிடித்த களை. அந்தக் களையோடு நானும் ஒரு காலத்தில் சுற்றியிருக்கிறேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். நெட்டில் இருந்து அப்படியே எடுத்து ஒட்டுவது, ஒருவர் எழுதியதை நான்கு பேர் பார்த்து எழுதுவது போன்றவை எல்லோருக்கும் தெரிந்த கதை, அதை விட்டுவிடுகிறேன்.

தலைப்பை உள்ளூராக்கிவிட்டால் போதும் என்று நினைப்பது

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வந்தது. அடுத்த கல்வியாண்டில், 'பணவீக்கத்தின் காரணங்களை விளக்குக' என்ற என் பழைய வினாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, 'உங்கள் தெருக் கடையில் ஐந்து பொருட்களின் விலையை நான்கு வாரம் குறித்து, மாற்றத்தை விளக்குக' என்று கொடுத்தேன். இதை எந்த இயந்திரம் எழுதும் என்று ஒரு மிதப்பு.

எழுதியது. ஒரு பையனின் தாளில் தக்காளி விலை 30, 32, 34, 36. அது 2023 ஜூலை. தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்த நேரம். அவன் தெருவில் மட்டும் தக்காளி வாரம் இரண்டு ரூபாய் என்று ஒழுக்கமாக ஏறியிருக்கிறது.

தலைப்பு எதுவானாலும் கடைசியில் ஒரு தாளை மட்டும் வாங்கினால் இதுதான் நடக்கும். இப்போது திங்கட்கிழமை தோறும் அந்த வார விலையை நோட்டில் காட்டச் சொல்கிறேன், ஓரத்தில் கையெழுத்துப் போடுகிறேன். பாதி மதிப்பெண் அந்த நோட்டுக்கு. அதிலும் பொய் விலை எழுதலாம்தான். ஆனால் பக்கத்து பெஞ்சுக்காரனும் அதே சந்தையில்தான் காய் வாங்குகிறான், வகுப்பே சிரித்துவிடும்.

கையால் எழுதி வரச் சொல்வது

போனைப் பார்த்துக் கையால் எழுதுவார்கள். 'நிச்சயமாக, நீங்கள் கேட்ட கட்டுரை இதோ' என்பதையும் சேர்த்து நீல மையில் எழுதி, அடிக்கோடும் போட்ட தாள் ஒன்று என் அலமாரியில் இருக்கிறது.

ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவியை நம்பி ஒருவரைக் கூப்பிட்டு விசாரிப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

அதே செமஸ்டர், அக்டோபர் மாதம். இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி, பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள், ஆங்கிலத்தில் பிழையில்லாத ஒரு கட்டுரை கொடுத்தாள். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு கருவியில் போட்டேன். 92 சதவீதம் ஏஐ என்றது. ஸ்டாஃப் ரூமுக்கு வரச் சொல்லி, மற்றவர்கள் பார்க்க, "ஏம்மா, இது நீயே எழுதினதா?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அதையே ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு பூஜ்யம் போட்டேன்.

மறுநாள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். இடப்பக்கம் தமிழில் எழுதியிருந்தது, வலப்பக்கம் அதன் ஆங்கிலம், மூன்று முறை அடித்துத் திருத்தியது. ஓரத்தில் 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்', 'இன் கன்க்ளூஷன்' என்று ஒரு பட்டியல், பள்ளி நோட்ஸில் மனப்பாடம் செய்தவை. கருவிக்கு இயந்திர வாடை அடித்தது அங்கேதான்.

இந்தக் கருவிகளில் பலவும் அடுத்த சொல்லை எவ்வளவு சுலபமாக ஊகிக்க முடிகிறது என்பதைத்தான் அளக்கின்றன. ஊகிக்க முடிந்தால் ஏஐ. கற்றுக்கொண்ட மொழியில் எழுதுகிறவர் தவறு வந்துவிடுமோ என்று தெரிந்த நாலு சொல்லையே பிடித்துக்கொண்டு எழுதுவார், அது அப்படியே கருவியின் வாயில் விழும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-ல், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதும் டோஃபல் ஆங்கிலத் தேர்வின் கட்டுரைகள் 91-ஐ ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர்கள் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதம் ஏஐ என்று வந்தது. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளுக்கு மட்டும் கருவிகள் ஏறக்குறைய சரியாகச் சொல்லின. நம் வகுப்பில் யார் மாட்டுவார்கள் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ-யே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தப்பாகப் பிடித்தது. ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நான் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டது அதற்கு மூன்று மாதம் கழித்து.

அதே ஸ்டாஃப் ரூமில், அதே ஆட்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டேன், மதிப்பெண்ணையும் போட்டேன். மீதி மூன்று செமஸ்டரிலும் அவள் என் வகுப்பில் ஒரு முறைகூடக் கை தூக்கவில்லை.

இதைவிட மோசம், சாட்ஜிபிடியிடமே "இதை நீ எழுதினாயா?" என்று கேட்பது. அதற்கு அப்படி ஒரு ஞாபகமே கிடையாது, வாய்க்கு வந்ததைச் சொல்லும். 2009-ல் நான் எழுதிய எம்.ஃபில். சுருக்கத்தை ஒட்டிக் கேட்டேன். ஆம், நான்தான் எழுதினேன் என்றது.

சந்தேகம் வந்தால் தனியாக உட்காரவைத்து ஐந்து நிமிடம் பேசுங்கள். "மூணாவது பத்தியை வேற மாதிரி சொல்லும்மா" என்றாலே தெரிந்துவிடும். திணறினாலும் பயமா, தெரியாமையா என்று பாருங்கள்.

எல்லோருக்கும் வைவா (வாய்மொழித் தேர்வு) வைப்பது

60 பேர், ஆளுக்கு 10 நிமிடம், 10 மணி நேரம். இன்டர்னல் 25-ல் 5 மதிப்பெண்ணுக்காக. குலுக்கிப் போட்டு 12 பேரைக் கூப்பிடுங்கள், எந்த 12 என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

'ஏஐ பயன்படுத்தக் கூடாது' என்று ஒற்றை வரி

எதற்குக் கூடாது? ஸ்பெல்லிங் பார்க்கவா, தமிழில் எழுதியதை ஆங்கிலமாக்கவா, முழுக் கட்டுரைக்கா? பிரித்து எழுதுங்கள்.

தன் வினாவைத் தானே ஏஐ-யிடம் கேட்டுப் பார்க்காதது

பத்து நிமிட வேலை. அது தரும் விடைக்கு நீங்களே 5-க்கு 4 போடுவீர்கள் என்றால் வினாவை மாற்றுங்கள். நான் சில சமயம் அந்த விடையையே அச்செடுத்து வகுப்பில் கொடுத்து, தப்பு எங்கே என்று தேடச் சொல்கிறேன். போன முறை, தக்காளி 30, 32 என்று ஏறிய அந்தத் தாளைப் பெயரை மறைத்துக் கொடுத்தேன். காய்கறி மண்டியில் மூட்டை தூக்கப் போகும் ஒரு பையன் இரண்டு நிமிடத்தில், "சார், இது எந்த ஊர்த் தக்காளி?" என்றான்.