முதல் டிஜே கன்ட்ரோலர்: பணம் எங்கே வீணாகிறது

கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குந்தாரப்பள்ளி சந்தையில் மாடு பிடிக்க வருபவர் கொம்பில் பூசிய வர்ணத்தைப் பார்த்து விலை பேசுவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். டிஜே கன்ட்ரோலர் வாங்கப் போகும்போது மட்டும் எல்லோரும் வர்ணத்தைத்தான் பார்க்கிறார்கள். எத்தனை பேட் (தட்டும் பட்டன்), ஜாக் வீல் என்ற சுழல் தட்டைச் சுற்றி எத்தனை விளக்கு, எத்தனை எஃபெக்ட் என்று மேல்பக்கத்தையே அலசுகிறார்கள். இந்தக் கருவிக்குப் பல் பின்பக்கத்தில் இருக்கிறது. அது வீட்டு மேசையோடு நின்றுவிடுமா, இல்லை பாலக்கோட்டுக் கல்யாண மண்டபத்தில் சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்சரோடு சேருமா என்பதைப் பின்பக்கத்துத் துளைகள்தான் சொல்லும்.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். நம் பக்கத்தில் ‘டிஜே’ என்றாலே வண்டியில் அடுக்கிய பாக்ஸும் அதிரும் பேஸும்தான் கண்முன் வரும். கன்ட்ரோலருக்கும் அந்தச் சத்தத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அது ஆம்ப் அல்ல, பாட்டைச் சேமித்து வைப்பதும் இல்லை. லேப்டாப்பில் ஓடும் மென்பொருளைக் கையால் ஓட்ட உதவும் பலகை, அவ்வளவுதான். அதனால் கன்ட்ரோலரை மட்டும் தனியாக எடைபோட முடியாது. லேப்டாப், மென்பொருள், ஹெட்போன், போய்ச் சேரும் ஆம்ப் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சவுண்ட் கார்டு இல்லாததை வாங்குவது

மிக்சிங்கின் அடிப்படை ஒன்றே ஒன்று: கூட்டம் ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, அடுத்த பாட்டை நீங்கள் மட்டும் ஹெட்போனில் கேட்டுத் தயார் செய்வது. அதற்கு ஒரே நேரத்தில் இரண்டு தனித்தனி ஸ்டீரியோ வெளியீடுகள் வேண்டும். ஒன்று ஸ்பீக்கருக்கு, இன்னொன்று காதுக்கு. லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் இருப்பது ஒன்றுதான். இரண்டாவதைத் தருவது கன்ட்ரோலருக்குள் இருக்கும் சவுண்ட் கார்டு.

அது இல்லாத கன்ட்ரோலர்களும் உண்டு. பயனியரின் டிடிஜே-200 போனோடு பயன்படுத்த வந்த கருவி. அதன் உடம்பில் ஒலி வெளியீடே கிடையாது. நுமார்க்கின் முதல் மிக்ஸ்ட்ராக், முதல் டிஜே2கோ இரண்டும் அப்படித்தான். பழைய பொருளாகக் கைமாறி வரும்போது விலை ஆசை காட்டும். ஸ்பிளிட்டர் கேபிள் போட்டால் வேலை நடக்கும் என்பார்கள். நடக்கும், ஆனால் அது ஸ்டீரியோவின் ஒரு பக்கத்தைக் கூட்டத்துக்கும் மறுபக்கத்தைக் காதுக்கும் பிரித்துத் தருகிறது. கேபிள் மாறிச் செருகினால் நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் பாட்டு மண்டபம் முழுக்கக் கேட்கும்.

புளூடூத் ஹெட்போனையோ புளூடூத் ஸ்பீக்கரையோ வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பதும் இதே வகைத் தவறு. சாதாரண புளூடூத்தில் ஒலி 150 முதல் 200 மில்லிசெகண்ட் வரை பிந்தி வரும். 100 பிபிஎம் (நிமிடத்துக்கு 100 அடி) பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளியே 600 மில்லிசெகண்ட்தான். கால் அடிக்கு மேல் பிந்திக் கேட்டால் எந்தக் கையாலும் சேர்க்க முடியாது.

பின்பக்கம் எங்கே போய்ச் சேரும்

பட்ஜெட் கன்ட்ரோலர்களில் ஸ்பீக்கருக்கான வெளியீடு பெரும்பாலும் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ துளைகள். டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4, நுமார்க் மிக்ஸ்ட்ராக் புரோ எஃப்எக்ஸ், ஹெர்குலிஸ் இன்பல்ஸ் 300 எல்லாம் இந்த வகை. உள்ளங்கை அகல டிஜே2கோ2 டச்சில் 3.5 மி.மீ. துளை மட்டுமே, கடையில் இ.பி. பின் என்று கேட்பீர்களே, அது. பழக இது போதும், மேடைக்கு வேண்டாம். யாராவது காலால் ஒயரை இழுத்தால் அந்தச் சின்னப் பின்தான் முதலில் கழலும்.

ஆர்சிஏ-யிலும் ஒரு வரம்பு இருக்கிறது. அது பேலன்ஸ்டு இணைப்பு (வழியில் ஏறும் இரைச்சலைத் தானே கழித்துவிடுவது) அல்ல. கேபிள் நீள நீள, பக்கத்தில் ஓடும் கரண்ட் ஒயரின் இரைச்சலை வாங்கிக்கொள்ளும். ஐந்தாறு மீட்டர் வரை பயமில்லை. சீரியல் செட் ஒயர்களுக்கு நடுவே இருபது மீட்டர் ஆர்சிஏ இழுத்தால் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் நிச்சயம். மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் (ஒலியைப் பேலன்ஸ்டு இணைப்பாக மாற்றும் சின்னப் பெட்டி) வைத்து, அங்கிருந்து கேனான் (எக்ஸ்எல்ஆர்) கேபிளில் மிக்சருக்கு அனுப்புவதுதான் சரி. ஆர்சிஏ-யிலிருந்து தடித்த பி-38 பின்னுக்கு மாற்றும் கேபிள் இரண்டு ஜோடி எப்போதும் பையில் இருக்கட்டும். சவுண்ட் சர்வீஸ்காரரிடம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

இரைச்சல் வந்தால் கன்ட்ரோலரைக் குறை சொல்லும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் குற்றவாளி எர்த் லூப்; லேப்டாப் ஒரு வழியாகவும் ஆம்ப் இன்னொரு வழியாகவும் எர்த் ஆகின்றன. ஜெனரேட்டரில் ஓடும் ஊர்த் திருவிழாக்களில் இது அடிக்கடி வரும். டிரான்ஸ்பார்மர் உள்ள டிஐ பாக்ஸ் இதையும் தீர்க்கும். சார்ஜரின் எர்த் பின்னை வெட்டிவிடுவது தீர்வு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது உயிரோடு விளையாடுவது.

அடுத்தது மோனோ. ஊர்ப்பக்க ஆம்ப்களில் பல மோனோ. கன்ட்ரோலரின் இடது துளையை மட்டும் இணைத்தால் பாட்டில் வலது பக்கம் மட்டும் ஒலிக்கும் கருவிகள் காணாமல் போகும். இரண்டு துளையையும் ஒரு ஒய் கேபிளில் ஒன்றாகக் கட்டுவதும் தப்பு. ஒரு வெளியீடு மற்றொன்றோடு முட்டிக்கொள்ளும். மிக்சரில் இரண்டு சேனல் வாங்கி, இரண்டின் பேன் (இடது-வலது) திருகையும் நடுவில் வையுங்கள்.

மைக்குக்குத் துளை இருக்கிறதா என்பதைக் கல்யாணத்துக்குப் போக நினைப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். எஃப்எல்எக்ஸ்4-லும் இன்பல்ஸ் 500-லும் உண்டு. இன்பல்ஸ் 300-ல் இல்லை. இருந்தாலும் டைனமிக் மைக் மட்டுமே ஓடும். கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டை இந்தக் கன்ட்ரோலர்கள் தருவதில்லை. பல மலிவு மாடல்களில் மைக் ஒலி கணினிக்குள் போகாமல் நேராக வெளியே போய்விடும் என்பதால் ரெக்கார்டிங்கில் பேச்சு பதிவாகாது. முடிந்தவரை மைக்கைச் சவுண்ட் சர்வீஸ் மிக்சரிலேயே செருகச் சொல்லுங்கள்.

லேப்டாப்பை மறப்பது

4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப்பில் புது கன்ட்ரோலரைச் செருகிவிட்டு ‘பாட்டு வெட்டுகிறது’ என்று பொருளைத் திருப்பித் தருபவர்கள் நிறைய. 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டி-யும் குறைந்தபட்சம். இவற்றை மட்டும் மாற்றினாலே பல பழைய லேப்டாப்கள் பிழைத்துக்கொள்ளும். விண்டோஸில் தயாரிப்பாளர் தரும் ஏஎஸ்ஐஓ டிரைவரை (ஒலித் தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) நிறுவி, பஃபர் அளவை (ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) 512 சாம்பிளில் தொடங்குங்கள், 44.1 கிலோஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 11.6 மில்லிசெகண்ட் தாமதம். வெட்டாமல் ஓடினால் 256-க்கு இறக்கலாம், 5.8 மில்லிசெகண்ட். வெட்டினால் 1024-க்கு ஏற்றுங்கள். ஸ்கிராட்ச் (தட்டைக் கையால் தேய்த்து ஒலி எழுப்புவது) செய்யாதவருக்கு 23 மில்லிசெகண்டும் பெரிய தொல்லை இல்லை.

பாட்டு நடுவே கன்ட்ரோலர் திடீரென்று செத்துப் பிழைக்கிறதா? பெரும்பாலும் மின்சேமிப்பு வேலை. டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பைத் திறந்து, மின்சாரத்தை மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். யூஎஸ்பி-யிலிருந்தே மின்சாரம் எடுக்கும் கருவி என்பதால் மலிவான ஹப் வழியாக இணைக்கவே கூடாது. பழைய யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லியாம்ப். அதை மவுஸ், பென்டிரைவ், கன்ட்ரோலர் மூன்றும் பங்குபோட்டால் முதலில் தடுமாறுவது கன்ட்ரோலர்.

மென்பொருள் இலவசம் என்ற நம்பிக்கை

பெட்டியில் ‘சாஃப்ட்வேர் உண்டு’ என்று இருக்கும். எந்த அளவுக்கு என்பதை யாரும் கேட்பதில்லை. எஃப்எல்எக்ஸ்4-ஐச் செருகினால் ரெகார்ட்பாக்ஸ் மென்பொருளில் மிக்ஸ் செய்யும் பெர்ஃபார்மன்ஸ் பகுதி காசில்லாமல் திறக்கும். செராட்டோ டிஜே லைட் இலவசம். ஆனால் அதில் ரெக்கார்டிங் இல்லை, அது வேண்டுமென்றால் காசு கொடுத்து புரோ-வுக்குப் போக வேண்டும். வர்ச்சுவல் டிஜே கன்ட்ரோலர் இல்லாமல் வீட்டில் பழக இலவசம், கன்ட்ரோலரைச் செருகியதும் இலவசப் பதிப்பு சில நிமிடங்களில் நின்றுவிடும். பழகிப் பார்த்த மென்பொருளில் ஓடும் என்று நம்பி வேறு கருவி வாங்கி இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மிக்ஸ் (Mixxx) என்ற திறந்த மூல மென்பொருளில் ரெக்கார்டிங் உட்பட எல்லாம் இலவசம். நீங்கள் பார்த்து வைத்த மாடல் அதன் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்பதை மட்டும் வாங்கும் முன் பாருங்கள்.

சிங்க் பட்டன் குத்துப்பாட்டைக் காப்பாற்றாது

சிங்க் (இரண்டு பாட்டின் வேகத்தையும் தானாகச் சேர்க்கும் பட்டன்) இருக்கிறதே, டெம்போ ஃபேடர் (பாட்டின் வேகத்தை மாற்றத் தள்ளும் குமிழ்) எப்படி இருந்தால் என்ன என்ற எண்ணம் மேல்நாட்டு ஹவுஸ் இசை வாசிப்பவருக்குச் சரியாக இருக்கலாம். அந்தப் பாட்டுகள் கணினியில், ஒரே வேகத்தில் செய்யப்பட்டவை. நம் பாட்டுகள் அப்படியல்ல. கிளிக் (வேகம் காட்டும் தாளச் சத்தம்) இல்லாமல் ஆட்கள் உட்கார்ந்து வாசித்துப் பதிவான பழைய பாட்டுகளில் வேகம் சரணத்துக்குச் சரணம் நகரும். பறையும் தவிலும் ஓடும் ஆறு-எட்டுத் தாளத்தை மென்பொருள் நான்காகக் கணக்குப்போட்டு, 90-ஐ 135 என்று காட்டும். வேறு பாட்டுகளில் 70-ஐ 140 ஆக்கும். தப்பான கிரிடில் (அடி விழும் இடங்களில் மென்பொருள் போடும் கோடுகள்) சிங்க் அழுத்தினால் இரண்டு தாளமும் குதிரை ஓடுவதுபோல் முட்டும். பாட்டை ஏற்றியதும் முதல் அடியில் கிரிட் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பிறகு கடைசிச் சரணத்துக்குப் போய் அங்கேயும் பாருங்கள். விலகியிருந்தால் ரெகார்ட்பாக்ஸில் டைனமிக் முறையில் மறுபடி அலசலாம். அதிலும் சரியாகாததைக் காதாலும் கையாலும்தான் ஓட்ட வேண்டும்.

அப்போதுதான் ஃபேடரின் நீளம் கணக்கில் வருகிறது. 128 பிபிஎம் பாட்டில் கூட்டல் கழித்தல் 8 சதவீதம் என்றால் மொத்த வீச்சு 20.5 பிபிஎம். 100 மி.மீ. ஃபேடரில் ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் 0.2 பிபிஎம் மாறும். 30 மி.மீ. பொம்மை ஃபேடரில் அதே நகர்த்தல் 0.7 பிபிஎம், விரல் நடுக்கமே பாட்டைக் கெடுத்துவிடும். நான்கு சேனல், பதினாறு பேட் என்று கூடுதல் காசு கொடுப்பதைவிட, இரண்டு சேனலில் நீளமான ஃபேடரும் பெரிய ஜாக் வீலும் உள்ளதை எடுப்பது மேல்.

பாட்டுக் கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வாட்ஸப்பில் வந்த 128 கேபிபிஎஸ் பாட்டு நான்கு நிமிடத்துக்கு 4 எம்பி-க்குள் இருக்கும்; 320 என்றால் ஏறக்குறைய 9.6 எம்பி. போன் ஸ்பீக்கரில் தெரியாத வித்தியாசம் பெரிய பாக்ஸில் தெரியும். ஓசூர்ப் பக்கத்துக் கல்யாணம் என்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே இரவில் கேட்பார்கள். மொழிவாரியாகக் கோப்புறை பிரித்து லேப்டாப்பிலேயே வையுங்கள். தளி, அஞ்செட்டி மலைப்பக்கம் சிக்னலை நம்பி ஆன்லைன் பாட்டோடு போகாதீர்கள்.

முழுப் பணத்தையும் பெட்டிக்கே கொடுப்பது

முப்பதாயிரம் கையில் இருந்தால் முப்பதாயிரத்துக்கும் கன்ட்ரோலர் தேடக் கூடாது. மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள்: காதை முழுக்க மூடும் ஒயர் ஹெட்போன், கேபிள்கள், டிஐ பாக்ஸ், தூசி மூடி, பை. ஹெட்போன் முதல் செலவு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்பது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி. வேலைக்குப் போகிறவர் பழகும் நேரமும் அதுதான்.

ஓசூர்க்காரருக்கு மின்னணுக் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோடு 40 கி.மீ.தான், போய்த் தொட்டுப் பார்த்து வாங்கலாம். எங்கே வாங்கினாலும் சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில் வேண்டும். பில் இல்லாமல் வரும் வெளிநாட்டுச் சரக்குக்கு இந்திய வாரண்டி கிடைப்பது சந்தேகம்.

பழையது வாங்கினால் உங்கள் லேப்டாப்பையும் ஹெட்போனையும் எடுத்துப் போங்கள். உங்கள் விண்டோஸுக்கு டிரைவர் கிடைக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். அங்கே போனதும் கிராஸ் ஃபேடரை (ஒரு பாட்டிலிருந்து மற்றதற்கு மாற்றத் தள்ளும் குமிழ்) ஒரு ஓரத்துக்குத் தள்ளி, மறுபக்கப் பாட்டு கசிகிறதா என்று கேளுங்கள். டெம்போ ஃபேடரை நடுவில் விட்டுத் திரையில் எண் தானாகத் துள்ளுகிறதா பாருங்கள். ஒவ்வொரு திருகையும் சுழற்றுங்கள், ஒவ்வொரு பேடையும் மெதுவாகவும் வேகமாகவும் தட்டுங்கள். ஹெட்போன் பின்னைத் துளைக்குள் சுழற்றும்போது ஒரு காது போய்ப் போய் வந்தால் அது சரிசெய்யக்கூடிய குறை, விலையில் கழித்துக்கொள்ளலாம். கடைசியாக, பாட்டு ஓடும்போது யூஎஸ்பி கேபிளை லேசாக ஆட்டுங்கள். விளக்குகள் அணைந்து எரிந்தால் வேறு கேபிள் போட்டு மறுபடி ஆட்டுங்கள். அப்போதும் அணைந்தால் பழுது கேபிளில் இல்லை, போர்டில் ஒட்டிய சாக்கெட்டில். எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.